வயது வந்த பிறகு ஏடிஎச்டி, ஓட்டிசம் என்று தெரிந்தால்: லைசென்ஸ், மெடிக்கல், வண்டி ஓட்டுதல் பற்றித் திருகோணமலைக்காரருக்கு ஒரு முழு வழிகாட்டி

முப்பது, நாற்பது வயதில் "உங்களுக்கு ஏடிஎச்டி இருக்கிறது" என்றோ "ஓட்டிசம் இருக்கிறது" என்றோ டொக்டர் சொன்னால் பலருக்கு முதலில் நிம்மதிதான் வரும். (ஏடிஎச்டி என்பது கவனத்தை ஒரே இடத்தில் நிறுத்துவதிலும் அவசரத்தை அடக்குவதிலும் சிறுவயதிலிருந்தே இருக்கும் சிரமம். ஓட்டிசம் என்பது பிறரோடு பழகுவது, சத்தம், வெளிச்சம், திடீர் மாற்றம் ஆகியவற்றை மூளை வேறு விதமாக எடுத்துக்கொள்வது.) இத்தனை வருடமும் பட்ட பாட்டுக்கு ஒரு காரணம் கிடைக்கிறதே. கொஞ்ச நாளில் பயம் தொடங்கும், அந்தப் பயத்தில் லைசென்ஸும் ஒன்று. இனி ஓட்டலாமா? யாருக்காவது அறிவிக்க வேண்டுமா? சொன்னால் பறித்துவிடுவார்களா? இங்கே இது சின்ன விஷயம் இல்லை. நிலாவெளியிலிருந்து டவுனுக்கு வேலைக்கு வருகிறவருக்கும் சீனக்குடாவிலிருந்து பிள்ளையைப் பாடசாலைக்கு ஏற்றி வருகிற தாய்க்கும் ஸ்கூட்டி இல்லாவிட்டால் நாளே நகராது.

எனக்கும் பிந்தித்தான் தெரிய வந்தது. அதற்குப் பிறகு என்னைத் தேடி வந்து இதே கேள்விகளைக் கேட்டவர்களுக்குச் சொன்னவற்றை ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். இதில் முக்கியமானது ஒன்றுதான்: லைசென்ஸ் விஷயத்தில் பார்க்கப்பட வேண்டியது, அந்த நிலை உங்கள் ஓட்டுதலை என்ன செய்கிறது என்பது. அதற்கு உண்மையான விடையைக் கண்டுபிடித்து, டொக்டரின் எழுத்தில் கையில் வைத்திருந்தால் மற்றதெல்லாம் இலகு.

முதல் வாரம்: அவசரப்பட்டு எதுவும் செய்யாதீர்கள்

நேற்று ஓட்டிய அதே மூளையோடுதான் இன்றும் ஓட்டுகிறீர்கள். புதிதாக வந்தது பெயர் மட்டுமே. ஆகவே பயந்துபோய் வண்டியை விற்கவோ லைசென்ஸை அலுமாரியில் பூட்டி வைக்கவோ தேவையில்லை.

ஆனால் மூன்று நிலைமைகளில் டொக்டரிடம் பேசும் வரை சாவியைத் தொடாதீர்கள். மருந்து புதிதாகத் தொடங்கியிருக்கிறது அல்லது அளவு மாறியிருக்கிறது என்பது ஒன்று. ஓட்டும்போது கண் சொக்குகிறது, அல்லது எந்த நேரமாவது நினைவு தப்பியது, வலிப்பு வந்தது என்பது இரண்டாவது. ஓட்டிசம் உள்ளவர்களில் வலிப்பு நோய் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் காணப்படுகிறது. அதனால் வெறித்துப் பார்த்தபடி சில விநாடிகள் 'இல்லாமல்' போவதுண்டா என்று வீட்டாரிடமும் கேளுங்கள். மூன்றாவது, அண்மையில் மயிரிழையில் தப்பிய சம்பவங்கள் அடுத்தடுத்து நடந்திருப்பது. இந்த மூன்றில் எது இருந்தாலும் பஸ், ஓட்டோ, அண்ணன் தம்பியின் பின் சீட் என்று சில நாள் சமாளிக்கலாம்.

உங்கள் ஓட்டத்தை நீங்களே பாருங்கள்

இந்தப் படியை நிறையப் பேர் தாண்டிப் போய்விடுகிறார்கள். டொக்டர் "ஓட்டுவதில் ஏதாவது பிரச்சினை உண்டா?" என்று கேட்டால் "இல்லை டொக்டர், நல்லாத்தான் ஓட்டுறன்" என்று வாய் தானாகச் சொல்லிவிடும். அதை வைத்து எந்த டொக்டரும் எதுவும் எழுத முடியாது.

ஒரு சின்னக் கொப்பி எடுங்கள். வண்டியை நிறுத்தி இறங்கியதும் இரண்டு வரி எழுதுங்கள். எந்த நேரம், எந்த வீதி, மருந்து எடுத்து எவ்வளவு நேரம், என்ன நடந்தது. "காலை ஏழரை, அனுராதபுரச் சந்தி, மருந்து இன்னும் எடுக்கவில்லை, முன்னால் நின்ற வான் நகர்ந்ததும் சைட் பாராமல் நானும் நகர்ந்தேன்" என்பது போல. ஒன்றும் நடக்காத நாளையும் எழுதுங்கள், அதுவும் தகவல்தான்.

ஏடிஎச்டி உள்ளவர்கள் கவனிக்க வேண்டியவை: தெரிந்த வீதியில் மனம் வேறெங்கோ போய், எப்படி வந்து சேர்ந்தேன் என்றே தெரியாமல் இருப்பது; வேகம் தானாக ஏறுவது; முன்னால் ஊர்ந்து போகும் லொறியைப் பொறுக்க முடியாமல் வெட்டி எடுப்பது; போன் அதிர்ந்தால் கை தன்பாட்டில் சட்டைப் பைக்குப் போவது; ஆத்திரம். உப்புவெளி தாண்டி நிலாவெளிக்குப் போகும் நேர் வீதி இதற்கெல்லாம் நல்ல பரீட்சை. வளைவும் சந்தியும் நிறைந்த டவுனில் விழிப்பாக ஓட்டுபவர் அங்கே போனதும் கவனத்தை விட்டுவிடுவார். மூளைக்கு அங்கே வேலை போதாது, அதுதான் காரணம்.

ஓட்டிசம் உள்ளவர்களுக்குப் பிரச்சினை பெரும்பாலும் எதிர்ப்பக்கம். சட்டம் மீறுவது குறைவு, எதிர்பாராதது நடக்கும்போதுதான் திணறல். சிக்னல் போடாமல் திரும்பும் ஓட்டோ, கையைக் காட்டி "போ போ" என்று சைகை செய்யும் சாரதி, பின்னால் விடாமல் ஹோன் அடிக்கும் தனியார் பஸ், இரவில் எதிரே வரும் ஹெட்லைட், ஹெல்மெட்டுக்குள் வெக்கை. எல்லாம் ஒரே நேரத்தில் வந்தால் முடிவெடுக்கும் வேகம் குறைந்துவிடும். பிரெட்ரிக் கோட்டை வாசலால் கோணேஸ்வரத்துக்கு ஏறும்போது பக்கத்திலிருந்து மான் ஒன்று வீதிக்கு இறங்குமே, அந்த நேரம் உங்கள் கை பிரேக்கை உடனே பிடிக்கிறதா அல்லது ஒரு கணம் உறைந்து நிற்கிறதா என்று பாருங்கள். உறைந்தால் அதையும் எழுதுங்கள்.

அமெரிக்காவில் பிலடெல்பியா சிறுவர் மருத்துவமனை ஆய்வாளர்கள் நியூ ஜேர்சியின் இளம் சாரதிகளை ஆராய்ந்து 2021இல் வெளியிட்ட முடிவு இதற்குப் பொருந்துகிறது. ஓட்டிசம் உள்ள புதிய சாரதிகளின் விபத்து வீதம் மற்றவர்களுடையதை ஒத்தோ குறைவாகவோ இருந்தது. வேகத்தால் நடந்த விபத்துகள் வெகு குறைவு. ஆனால் எதிர்த்திசை வாகனங்களைக் குறுக்கே கடந்து திரும்பும்போது நடந்தவை கூடுதல். அவர்களுக்கு அது இடப்பக்கத் திருப்பம். இடப்பக்கம் ஓட்டும் நமக்கு அது வலப்பக்கத் திருப்பம். ஆகவே கொப்பியில் வலப்பக்கம் திரும்பிய இடங்களைத் தனியாகக் குறியுங்கள்.

உங்கள் பின்னால் அடிக்கடி ஏறி வரும் ஒருவரிடமும் கேளுங்கள். கோபப்படாமல் கேட்க வேண்டும், அதுதான் கஷ்டம்.

டொக்டரிடம் என்ன சொல்வது, என்ன கேட்பது

திருகோணமலை பொது வைத்தியசாலையின் மனநலக் கிளினிக்கானாலும் தனியார் இடமானாலும் நேரம் குறைவு. வெளியே வாங்கில் ஐம்பது பேர் காத்திருப்பார்கள். எனவே கொப்பியோடு போய், உட்கார்ந்தவுடன் நேரே விஷயத்துக்கு வாருங்கள்: "டொக்டர், நான் ஒவ்வொரு நாளும் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறேன். இந்த நிலையோடும் இந்த மருந்தோடும் பாதுகாப்பாக ஓட்டலாமா என்று தெரிய வேண்டும். நான் எழுதி வைத்தது இது."

பிறகு இந்தக் கேள்விகள்: இந்த மருந்து தூக்கம் தருமா, எத்தனை நாளைக்கு? காலையில் எத்தனை மணிக்கு எடுத்தால் நான் ஓட்டும் நேரத்துக்குப் பொருந்தும்? ஏதாவது கட்டுப்பாடு சொல்கிறீர்களா, உதாரணமாக இரவில் வேண்டாம், தூரம் வேண்டாம் என்று? லைசென்ஸ் மெடிக்கலுக்குக் காட்ட ஒரு கடிதம் தர முடியுமா?

அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. நோய் நிர்ணயம் என்ன, எப்போதிலிருந்து பார்க்கிறார், மருந்தின் பெயரும் அளவும், நிலை சீராக இருக்கிறதா, ஓட்டுவதற்குத் தடையாக எதையும் கண்டாரா, மறுபடி எப்போது பார்ப்பார். இவ்வளவு போதும். உங்கள் சிறுவயதுக் கதையோ குடும்ப விவரமோ அதில் வரத் தேவையில்லை, வேண்டாம் என்று நீங்கள் சொல்லலாம். இரண்டு பிரதி எடுத்து ஒன்றை வீட்டில் வையுங்கள்.

டொக்டர் "கொஞ்ச நாள் ஓட்ட வேண்டாம்" என்றால் அதைக் கேளுங்கள். அந்தத் தடை எதற்காக, எது மாறினால் நீங்கும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முடிவுத் திகதி இல்லாத "வேண்டாம்" ஒருவரை வீட்டுக்குள்ளேயே முடக்கிவிடும். கேட்டால் பெரும்பாலான டொக்டர்மார் ஒரு திகதி சொல்வார்கள்.

மருந்தும் மணிக்கூடும்

ஏடிஎச்டி மருந்து குடித்தால் ஓட்டக் கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு உண்மை இதற்கு மறுதலை. அமெரிக்காவில் ஏடிஎச்டி உள்ள சுமார் 23 லட்சம் பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2017இல் வெளிவந்த ஆய்வில், மருந்து எடுத்த மாதங்களில் வாகன விபத்தால் அவசர சிகிச்சைக்கு வந்த ஆபத்து, எடுக்காத மாதங்களைவிட ஆண்களில் 38 சதவீதமும் பெண்களில் 42 சதவீதமும் குறைவாக இருந்தது.

ஆனால் நேரம் பார்க்க வேண்டும். ஏடிஎச்டிக்குக் கொடுக்கப்படும் சாதாரண மெதைல்பெனிடேற் குளிசை வேலை செய்யத் தொடங்க அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். சுமார் நான்கு மணி நேரத்தில் விட்டுவிடும். வேலைக்குப் போய் இருக்கையில் அமர்ந்த பிறகு குளிசை போடுகிறவர், நெரிசலான காலை வீதியை மருந்தில்லாமலே ஓட்டி வந்திருக்கிறார். காலை எட்டுக்குப் போட்டால் பன்னிரண்டு, ஒரு மணியளவில் விடும். விடும் நேரத்தில் சிலருக்கு எரிச்சலும் களைப்பும் கூடும். பாடசாலை விட்டு, வெள்ளை உடுப்புப் பிள்ளைகளும் வான்களும் ஓட்டோக்களும் வீதியை நிறைக்கும் ஒன்றரை மணி அதற்கு அடுத்துத்தான் வருகிறது. இதை டொக்டரிடம் சொன்னால் நேரத்தை மாற்றியோ நீண்ட நேரம் வேலை செய்யும் வகையைக் கொடுத்தோ சரி செய்வார். நீங்களாக அளவைக் கூட்டாதீர்கள்.

ஏடிஎச்டிக்கான இன்னொரு மருந்தான அற்றோமொக்ஸெடின் சிலருக்குத் தொடக்கத்தில் தூக்கமோ தலைச்சுற்றோ தரும். ஓட்டிசத்தோடு வரும் பதற்றத்துக்கோ கோபத்துக்கோ கொடுக்கப்படும் ரிஸ்பெரிடோன் போன்றவையும் சோர்வு தரக்கூடியவை. இவற்றோடு தடிமனுக்கு யாரோ கொடுத்த பிரிட்டோன் (Piriton) குளிசையும் சேர்ந்தால் தூக்கம் தூக்கிப்போடும். பார்மசியில் எது வாங்கினாலும் "நான் இந்த மருந்து எடுக்கிறேன், வண்டி ஓட்டுவேன்" என்று முதலே சொல்லுங்கள். நித்திரை குறைந்த இரவுக்குப் பிறகு எந்த மருந்தும் கைகொடுக்காது.

மெடிக்கலும் படிவமும்

இலங்கையில் லைசென்ஸுக்கான மருத்துவச் சான்றிதழை வழங்குவது தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகம். தலைமையகம் நுகேகொடையில், மாவட்டங்களில் கிளைகள். லைசென்ஸ் தருவது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம். அடிப்படைச் சட்டம் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம். மோட்டார் சைக்கிள், கார், முச்சக்கர வண்டி போன்ற இலகு வாகன லைசென்ஸ் எட்டு வருடத்துக்கும் கனரக வாகன லைசென்ஸ் நான்கு வருடத்துக்கும் தரப்படுகிறது. புதுப்பிக்கவும் மெடிக்கல் வேண்டும்.

மெடிக்கலில் கண், காது, இரத்த அழுத்தம், கை கால் அசைவு ஆகியவற்றைப் பார்ப்பார்கள், உங்கள் நோய் வரலாற்றையும் கேட்பார்கள். அங்கேதான் பிந்தி நோய் நிர்ணயம் வந்தவருக்குத் தொண்டை வறளும். நான் சொல்வது: படிவத்தில் மனநலம், நரம்பு நோய், வலிப்பு, தொடர்ந்து எடுக்கும் மருந்து பற்றிக் கேள்வி இருந்தால் உண்மையைக் குறியுங்கள், கடிதத்தைக் கூடவே வையுங்கள். வாயால் விளக்கம் சொல்லத் தேவைப்பட்டால் இரண்டு வசனம் போதும்: "போன வருடம் ஏடிஎச்டி என்று கண்டுபிடித்தார்கள், மருந்து எடுக்கிறேன், சீராக இருக்கிறது. இது டொக்டரின் கடிதம்." மன்னிப்புக் கேட்கும் குரல் வேண்டாம். கண்ணாடி போட்டவர் கண்ணாடியைக் காட்டுவது போலத்தான்.

மறைத்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு: நீங்கள் கையெழுத்திடுவது ஓர் உறுதிமொழியில். பின்னாளில் பெரிய விபத்து ஒன்று நடந்து, உங்கள் கிளினிக் கொப்பி வழக்கில் வெளியே வந்தால், தவறு உங்கள் பக்கம் இல்லாவிட்டாலும் அந்தப் பொய் உங்கள் தலையில் விழும். கடிதத்தோடு உண்மை சொன்னவருக்கு அந்தக் கவலை இல்லை.

படிவம் தமிழில் கேட்பது உங்கள் உரிமை, தமிழும் அரச கரும மொழிதான். வரிசை, சத்தம், பெயர் கூப்பிடும் அவசரம் என்பன தாங்க முடியாதவர்கள் காலையிலேயே போய், நம்பிக்கையான ஒருவரைத் துணைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.

புதிதாக ஓட்டப் பழகுபவர் லேர்னர்ஸ் மாஸ்டரிடம் முதலே சொல்லி வைப்பது நல்லது. "ஒரு நேரத்தில் ஒரு விஷயம் மட்டும் சொல்லுங்கள் அண்ணை, இடம் வலம் என்று மட்டும் சொன்னால் குழம்புவேன், எந்தக் கடைக்குப் பக்கத்தில் என்று சொல்லுங்கள்" என்று கேட்டால் பலர் ஒத்துழைப்பார்கள். கத்துகிற மாஸ்டரானால் வேறு இடம் பாருங்கள். ட்ரையலுக்கு முதல், அது நடக்கும் இடத்தை ஒருதரம் போய்ப் பார்த்து வந்தால் அன்றைய பதற்றம் பாதியாகும்.

இன்சூரன்ஸ், வேலை, வீடு

மூன்றாந்தரப்புக் காப்புறுதி இல்லாமல் வீதியில் இறங்கவே முடியாது. முழுக் காப்புறுதிக்கான விண்ணப்பத்தில் உடல்நலக் கேள்வி இருந்தால் உண்மை எழுதுங்கள். பொய் எழுதினால் இழப்பீட்டை மறுக்க அதுவே காரணமாகலாம்.

சம்பளத்துக்கு ஓட்டுபவர், அதாவது பஸ், லொறி, பாடசாலை வான், ஹோட்டல் வாகனம் ஓட்டுபவர், இன்னும் கவனமாக இருக்க வேண்டும். உங்கள் பின்னால் மற்றவர்களின் உயிர் இருக்கிறது. டொக்டரின் கடிதம் கைக்கு வந்த பிறகு முதலாளியோடு பேசுங்கள், அதற்கு முன் வேண்டாம். பேசும்போது "எனக்கு இப்படி ஒரு வருத்தம்" என்று தொடங்காமல் "இரவு கந்தளாய்–ஹபரணை ஓட்டம் மட்டும் எனக்கு வேண்டாம், மற்ற எதுவும் பிரச்சினையில்லை" என்று தேவையிலிருந்து தொடங்குங்கள். யானை கடக்கும் அந்த வீதியில் இரவு ஓட்டம் வேண்டாம் என்பதை எந்த முதலாளியும் விளங்கிக்கொள்வார்.

வீட்டில்தான் பல இடங்களில் சிக்கல். "தங்கச்சிக்குக் கலியாணம் பேசுற நேரம், இதை வெளியில சொல்லாத தம்பி" என்று அம்மா கெஞ்சுவார். அம்மாவின் பயம் பொய்யில்லை. நம் ஊர் அப்படித்தான் பேசும். ஊருக்குச் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. டொக்டருக்கும் மெடிக்கலுக்கும் உண்மை சொல்வது வேறு, அயலுக்குச் சொல்வது வேறு என்று அம்மாவுக்குப் பிரித்து விளக்குங்கள். யாரோடும் பேச முடியாமல் மனம் நொந்தால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழைக்கலாம்.

பொலிஸ் மறித்தால்

நோயைப் பற்றி நீங்களாகச் சொல்லத் தேவையில்லை. இடப்பக்கம் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஹெல்மெட்டைக் கழற்றி, லைசென்ஸ், இன்சூரன்ஸ், வருமான அனுமதிப்பத்திரம் மூன்றையும் கொடுங்கள். மூன்றும் ஒரே உறையில் எப்போதும் ஒரே இடத்தில் இருக்கட்டும். தேடித் தடுமாறுவதுதான் ஏடிஎச்டிக்காரரைச் சந்தேகப்பட வைக்கிறது. கண்ணைப் பார்க்காமல் பேசுவதும், பதில் சொல்லத் தாமதிப்பதும் ஓட்டிசம் உள்ளவரைக் குடித்தவர் போல் காட்டிவிடும். சிங்களத்திலும் தமிழிலும் ஒரு சின்ன அட்டை எழுதி அதே உறையில் வையுங்கள்: "எனக்கு ஓட்டிசம் உண்டு. தயவுசெய்து மெதுவாகப் பேசுங்கள். பதில் சொல்ல எனக்கு நேரம் தாருங்கள்." மெதைல்பெனிடேற் போன்ற கட்டுப்படுத்தப்பட்ட மருந்து கையில் இருந்தால் அதன் மருந்துத் துண்டின் பிரதியும் கூட இருக்கட்டும்.

வீதியில் மாற்றக்கூடியவை

போனைச் சத்தமில்லாமல் ஆக்கி சீட்டுக்குக் கீழே பூட்டுங்கள். சட்டைப் பையில் வேண்டாம். கியர் குழப்பினால் கியரில்லாத ஸ்கூட்டிக்கு மாறுங்கள், கவனத்தில் ஒரு பங்கு மிச்சமாகும். கஷ்டமான வலப்பக்கத் திருப்பம் ஒன்று இருந்தால், கொஞ்சம் தாண்டிப் போய் இடப்பக்கமாகவே சுற்றி வாருங்கள். இரண்டு நிமிடம் கூடும், அவ்வளவுதான். பின்னால் ஹோன் அடிப்பவருக்காகத் திரும்பாதீர்கள். நிலாவெளி போன்ற நேர் வீதிகளில் மனம் போகிறவர்கள் கண்ணில் படுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு ஓட்டிப் பாருங்கள், "பஸ் தரிப்பு, நாய், வளைவு, சைக்கிள்" என்று. ஹெல்மெட்டுக்குள் யாருக்கும் கேட்காது, கவனம் வீதியிலேயே நிற்கும். மதிய வெயில் கடலில் பட்டுக் கண்ணைக் கூசுகிறவர்கள் கூலிங் கிளாஸ் போடுங்கள். இரவில் அது வேண்டாம். மனம் கொந்தளித்து விட்டால் ஓரமாக நிறுத்தி, தண்ணீர் குடித்து, மூச்சு அடங்கிய பிறகு எடுங்கள்.

வெளிநாடு போகிறவர்களுக்கு

இங்கிலாந்தில் இலங்கை லைசென்ஸோடு குடியேறியவர் 12 மாதம் ஓட்டலாம், அதன் பிறகு அங்கே தற்காலிக லைசென்ஸ் எடுத்துப் பரீட்சை எழுத வேண்டும். லைசென்ஸ் அலுவலகமான டிவிஎல்ஏயின் விதி தெளிவானது: ஏடிஎச்டியோ அதன் மருந்தோ பாதுகாப்பான ஓட்டுதலைப் பாதித்தால் அறிவிக்க வேண்டும். ஓட்டிசத்துக்கும் அப்படித்தான். 2019 தொடக்கத்தில் ஓட்டிசம் உள்ள எல்லோரும் அறிவிக்க வேண்டும் என்று அவர்களின் இணையப் பக்கம் சொன்னது. எதிர்ப்பு எழுந்ததும் அதே வருடம் மார்ச்சில் பழைய விதிக்குத் திரும்பினார்கள். பாதிக்கும் என்று தெரிந்தும் அறிவிக்காவிட்டால் 1,000 பவுண் வரை அபராதம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2015இல் வந்த போதைப்பொருள் ஓட்டச் சட்டத்தில் அம்பெட்டமினுக்கு இரத்த அளவு வரம்பு உண்டு. உடலில் அம்பெட்டமினாக மாறும் லிஸ்டெக்ஸம்பெட்டமின் என்ற ஏடிஎச்டி மருந்தை எடுப்பவர்கள் மருந்துச் சீட்டை வண்டியில் வைத்திருப்பது நல்லது. டொக்டர் சொன்னபடி எடுத்து, ஓட்டுதல் பாதிக்கப்படாமலும் இருந்தால் சட்டத்திலேயே அதற்குப் பாதுகாப்பு இருக்கிறது.

அவுஸ்திரேலியாவில் ஓட்டுதலைப் பாதிக்கக்கூடிய நீண்டகால நிலையைச் சாரதியே அறிவிக்க வேண்டும், முறை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கனடாவிலும் மாகாணம் பார்த்துத்தான்.

வளைகுடாவுக்குச் சாரதி வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் இதை மறக்கக் கூடாது. மெதைல்பெனிடேற், மனநிலையைப் பாதிக்கும் மருந்துகள் பற்றிய 1971ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கையின் இரண்டாம் அட்டவணையில் உள்ள, அதாவது கடும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட மருந்து. ஐக்கிய அரபு இராச்சியத்துக்குக் கொண்டு போவதானால் புறப்படும் முன்பே அந்நாட்டு அரசிடம் இணையவழியாக அனுமதி எடுக்க வேண்டும். சீட்டு இல்லாத குளிசையோடு விமான நிலையத்தில் இறங்குவது, ஓட்டுதலைப் பற்றிய எந்தப் பிரச்சினையையும்விடப் பெரிய ஆபத்து.

அடுத்த முறைக்கு

இப்போதே உங்கள் லைசென்ஸை எடுத்து, எப்போது முடிகிறது என்று பாருங்கள். அதற்கு மூன்று மாதம் முந்திய திகதியைக் கலண்டரிலும் போனிலும் போட்டு, அந்த மாதக் கிளினிக்கில் புதிய கடிதம் கேளுங்கள், பழைய கடிதம் போதாது. மருந்து மாறினால், வேறு நோய் சேர்ந்தால், விபத்து ஏதும் நடந்தால் திகதி வரும் வரை காத்திராமல் கொப்பியை மறுபடி தொடங்கி, அடுத்த கிளினிக்குக்கு எடுத்துப் போங்கள்.